வார்டரை அடித்த வழக்கில் அப்பீல்: 14 நாளும் ஒரு பதிவேடும்

எங்கள் தெருக்கோடி ஆயா ஒரு செக்கர்ஸ் கடைப் பையோடு வாசலில் வந்து நின்றார். தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய எங்கள் சாட்ஸ்வர்த்தில் முக்கியமான காகிதம் எதுவானாலும் அப்படிப்பட்ட ஒரு பிளாஸ்டிக் பையில்தான் வந்துசேரும். பென்ஷன் அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கு உள்ளே இருந்தவை பேரனுடைய கோர்ட்டுக் காகிதங்கள். குற்றப்பத்திரிகை ஒன்று, காயங்களைக் குறித்து டாக்டர் நிரப்பிய ஜே 88 என்ற மருத்துவப் படிவம் இரண்டு, நோட்டிலிருந்து கிழித்த தாளில் பேரன் கையால் எழுதிய மனு ஒன்று. மனுவில் இருந்தது மூன்றே வரி: நான் குற்றவாளி இல்லை, தண்டனை அதிகம், தயவுசெய்து உதவுங்கள்.

பேரனை லோகன் என்று அழைக்கிறேன். நிஜப் பெயர் வேறு. கொள்ளை வழக்கில் 8 ஆண்டு. அதில் 3 ஆண்டு மிச்சம் இருக்கும்போது, அறைச் சோதனைக்கு வந்த வார்டரின் தாடையை உடைத்துவிட்டான் என்று இன்னொரு வழக்கு. மாவட்டக் கோர்ட்டுக்கு ஒரு படி மேலான ரீஜனல் கோர்ட் மேலும் 4 ஆண்டு போட்டுவிட்டது.

"அப்பீல் போட்டா முதல்லேருந்து மறுபடியும் விசாரிப்பாங்கதானே தம்பி? இந்த வாட்டி அவன் நல்லா எடுத்துச் சொல்லுவான்."

நான் வக்கீல் இல்லை. 30 வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக நின்றவன். சாட்சிக்கூண்டின் ஓரத்தில் நின்று கேட்டுக் கேட்டுக் கற்றதுதான் என் சட்டம். ஆயா கேட்ட இதே கேள்வியை இதற்கு முன்னும் எத்தனையோ அம்மாக்கள் கேட்டிருக்கிறார்கள். பதில் எப்போதும் ஒன்றுதான்: இல்லை அக்கா, மறுபடி விசாரிக்க மாட்டார்கள்.

அப்பீல் என்பது காகிதத்தின்மேல் நடக்கும் வேலை. சாட்சிகள் வர மாட்டார்கள், லோகனும் பேச மாட்டான். பெரும்பாலும் அவனை அங்கே கொண்டுவரக்கூட மாட்டார்கள். கீழ்க் கோர்ட்டில் பேசிய ஒவ்வொரு சொல்லும் ஒலிப்பதிவாகி, தட்டச்சாகி, ஒரு கட்டாக மேலே போகும். அதைத்தான் 'ரெக்கார்ட்' என்கிறார்கள். நாம் பதிவேடு என்போம். உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் அதை வாசிப்பார்கள், இரு தரப்பு வக்கீலும் கொஞ்ச நேரம் வாதாடுவார்கள், தீர்ப்பு வரும். பதிவேட்டில் ஏறாத ஒன்று அவர்களைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. மாஜிஸ்திரேட் முன்னால் லோகன் சொல்லாமல் விழுங்கிய வாக்கியம் அப்பீலில் புதிதாக முளைக்காது.

அதனால் அப்பீலைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அடி விழுந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

சிறைக்குள் ஒரு கைதி வார்டரை அடித்தால் இரண்டு பாதையில் நடவடிக்கை போகும். ஒன்று உள்விசாரணை. 1998-ஆம் ஆண்டின் திருத்தச் சேவைகள் சட்டத்தில், அதாவது சிறைச் சட்டத்தில், 23, 24-ஆம் பிரிவுகள் அதற்கானவை. கண்டிப்பு, சலுகைக் குறைப்பு, வேலைக்கூலியில் பிடித்தம் இப்படி முடியும். இன்னொன்று போலீஸ். உள்ளூர் நிலையத்தில் வழக்கு பதிவாகி, வெளியே நடந்த அடிதடி போலவே கோர்ட்டுக்கு வரும். சாதாரணத் தாக்குதல், கொடுங்காயம் விளைவிக்கும் நோக்கத்தோடு தாக்குதல், கொலை முயற்சி என்று மூன்று படி. நம் ஊரில் எல்லோரும் 'ஜிபிஎச்' என்று சொல்வது நடுவில் இருப்பதை. லோகன்மேல் போட்டது அதுதான். "உள்ளேயே தண்டித்துவிட்டார்களே, ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனையா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமாகத்தான் படும். ஆனால் உள்விசாரணை ஒரு நிர்வாக ஒழுங்கு நடவடிக்கை, குற்ற வழக்கு அல்ல என்றுதான் கோர்ட்டுகள் பொதுவாக எடுத்துக்கொள்கின்றன. இந்த வாதத்தை நம்பி அப்பீல் போடுவதில் பலன் குறைவு.

மாவட்ட மாஜிஸ்திரேட் 3 ஆண்டு வரை தண்டிக்கலாம். ரீஜனல் கோர்ட் 15 ஆண்டு வரை. வார்டர் இறந்துபோனால் கதையே வேறு. பணியில் இருந்த திருத்தச் சேவை அலுவலரைக் கொன்றால் 1997-ஆம் ஆண்டின் குறைந்தபட்சத் தண்டனைச் சட்டம் ஆயுள் தண்டனையிலிருந்துதான் தொடங்கும். அது இந்தக் கட்டுரைக்கு அப்பாற்பட்டது.

யார் முதலில் கை ஓங்கியது

இந்த வழக்குகளில் பெரும்பாலும் சண்டை நடந்ததா என்பதில் தகராறு இல்லை. யார் தொடங்கினார்கள், யாருடைய பலப்பிரயோகம் சட்டப்படியானது என்பதுதான் கேள்வி.

வார்டருக்குப் பலத்தைப் பயன்படுத்த உரிமை உண்டு. திருத்தச் சேவைகள் சட்டத்தின் 32-ஆம் பிரிவு அதற்கு எல்லை போடுகிறது: தேவைக்கு மேல் போகக் கூடாது, சூழ்நிலைக்குப் பொருந்த வேண்டும், சிறைத் தலைவரின் அனுமதி வேண்டும். அனுமதிக்குக் காத்திருக்க முடியாத அவசரமென்றால், நடந்ததும் உடனே அறிக்கை தர வேண்டும். முக்கியமானது இது: பலம் பிரயோகித்தால் அந்தக் கைதியை உடனே மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். அந்த எல்லைக்குள் நிற்கும் வார்டரைக் கைதி திருப்பி அடித்தால் அது குற்றம். எல்லை தாண்டி அடிக்கும் வார்டரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளக் கைதி கை ஓங்கினால் அது தற்காப்பு. கைதி என்பதால் அந்த உரிமை போய்விடாது. ஆனால் தாக்குதல் நடந்துகொண்டிருக்க வேண்டும், அல்லது வரப்போவது உறுதியாகத் தெரிய வேண்டும். தப்பிக்க வேறு வழி இருக்கக் கூடாது. திருப்பிக் கொடுத்ததும் அளவோடு இருக்க வேண்டும். தடி கீழே விழுந்த பிறகு விட்ட குத்து தற்காப்பில் சேராது.

லோகன் சொன்னது: சோதனையில் செல்போன் கிடைத்ததும் வார்டர் தடியால் முதுகில் இரண்டு போட்டார், மூன்றாவது தலைக்கு வந்தபோது கையில் அகப்பட்டதை வீசினேன். வார்டர் சொன்னது: போனை எடுத்ததும் பூட்டைச் சாக்ஸில் போட்டுச் சுழற்றினான், தடியை அதற்குப் பிறகுதான் எடுத்தேன்.

ஆயா கொண்டுவந்த இரண்டு ஜே 88-ஐயும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தோம். வார்டருடையது சம்பவம் நடந்த அன்றே, இரண்டு மணி நேரத்துக்குள். மனித உருவப் படத்தில் தாடையில் பேனாவால் வட்டம் போட்டு, எலும்பு முறிவு என்று தெளிவாக எழுதியிருந்தது. லோகனுடையது மூன்றாம் நாள். முதுகில் இரண்டு கோடு, நிறம் மாறிய சிராய்ப்பு. 'காயம் எப்படி ஏற்பட்டதாகச் சொல்கிறார்' என்ற இடத்தில், 'கீழே விழுந்தேன்'. அப்போது அறைக்குள் யார் நின்றார்கள் என்று அவனிடம் விசிட்டில் கேட்டோம். "யாரு நிப்பாங்க அங்கிள், வார்டர்தான்" என்றான். அந்தப் பதிலை மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னாயா என்று கேட்டேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தலையைக் குனிந்துகொண்டான்.

இதைத்தான் சொல்ல வருகிறேன். அந்தப் படிவத்தை அரசு வக்கீல் குறுக்கு விசாரணையில் எடுத்து நீட்டியபோது, 'வார்டர் பக்கத்தில் நின்றதால் அப்படிச் சொன்னேன்' என்று ஒரே ஒரு வாக்கியம் அவன் வாயிலிருந்து வந்திருந்தால் அது பதிவேட்டில் ஏறியிருக்கும். இரண்டு நீதிபதிகள் அதை வாசித்திருப்பார்கள். மூன்று நாள் தாமதம் ஏன் என்று சிறைத் தரப்பிடம் யாராவது கேட்டிருந்தால், பதில் எதுவானாலும் அதுவும் ஏறியிருக்கும். இரண்டுமே ஏறவில்லை. 'முதலில் விழுந்தேன் என்றான், பிறகு அடித்தார்கள் என்றான், நம்பத்தகுந்தவன் அல்ல' என்று மாஜிஸ்திரேட் எழுதியதுதான் ஏறியது.

ஒரே ஒரு வார்டரின் சாட்சியம் போதுமா என்றால், போதும். 1977-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 208-ஆம் பிரிவில், நம்பத்தக்க ஒரே சாட்சியை வைத்தும் தண்டிக்கலாம் என்கிறது. ஆனால் எச்சரிக்கையோடு எடைபோட வேண்டும். 1981-இல் வந்த சால்ஸ் வழக்கின் தீர்ப்பில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: எச்சரிக்கை வேண்டும், அதற்காகப் பொது அறிவைக் கழற்றி வைத்துவிடக் கூடாது.

அதே தராசின் மறுதட்டில் லோகனுக்குச் சாதகமான விதி ஒன்று இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவன் தன் கதையை நிரூபிக்க வேண்டியதில்லை. அது நியாயமான அளவுக்கு உண்மையாக இருக்கக்கூடும் என்றாலே சந்தேகத்தின் பலன் அவனுக்கு. 1937-இல் டிஃபோர்ட் வழக்கிலேயே சொன்னது. 2001-இல் ஷாக்கல் வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் அழுத்திச் சொன்னது: நம்ப முடியாததுபோல் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவன் சொல்வதைத் தள்ளக் கூடாது, உண்மையாக இருக்கவே வாய்ப்பில்லை என்ற அளவுக்குப் போனால்தான் தள்ளலாம். வார்டர் நல்ல சாட்சி என்று முடிவுகட்டிவிட்டு, அதனால் கைதி பொய்யன் என்று மாஜிஸ்திரேட் ஒரே தாவாகத் தாவியிருந்தால், அப்பீலில் பிடிக்க வேண்டிய இடம் அதுதான். என் அனுபவத்தில் இந்த வகை வழக்குகளில் கைதிகள் ஜெயித்ததில் பாதி இந்த ஓட்டையில்தான்.

இதற்கு எதிரே நிற்கும் சுவர் 1948-இன் லுமாயோ வழக்கு. சாட்சியின் முகத்தை நேரில் பார்த்தவர் கீழ்க் கோர்ட்டு நீதிபதிதான். வெளிப்படையான தவறு இல்லாவிட்டால் அவர் கண்ட உண்மைகளில் மேல் கோர்ட் எளிதில் கைவைக்காது.

வார்டர் தரப்பையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவிலேயே ஓய்வுபெற்ற வார்டர் ஒருவர் இருக்கிறார். கழுத்தில் தையல் தழும்போடு கோயிலில் காவடிக்குப் பால் ஊற்றுபவர். '26, 27, 28' என்ற எண் கும்பல்கள் ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் நூறாண்டுக்கு முன் தொடங்கி நாடெங்கும் சிறைகளுக்குள் பரவியவை. உள்ளே பதவி உயர வேண்டுமானால் வார்டர்மேல் கத்தி வைக்க வேண்டும் என்ற வழக்கம் அவற்றுக்கு உண்டு. 'குத்தாவிட்டால் என்னைக் கொன்றிருப்பார்கள்' என்று சொல்லும் கைதிகள் அநேகம் பேர். உயிருக்கு அஞ்சிச் செய்தது என்ற வாதத்தை நம் சட்டம் ஏற்கும்; 1972-இன் கோலியாத் வழக்கு கொலைக்கும்கூட அந்தக் கதவைத் திறந்து வைத்தது. ஆனால் அதற்கு முன்பே, 1967-இல் பிராட்பரி வழக்கில் இன்னொரு கதவைச் சாத்திவிட்டார்கள்: பழிவாங்கும் சட்டம் தெரிந்தே கும்பலில் சேர்ந்தவன், பிறகு அந்தக் கும்பலுக்குப் பயந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. கையில் எண்ணைப் பச்சை குத்திக்கொண்டு கோர்ட்டில் நிற்பவனுக்கு இந்த வழி அநேகமாக அடைபட்டதுதான்.

அதே நேரம், வார்டர்மேல் கை வைத்த பிறகு பழிவாங்கல் நடப்பதும் கற்பனை இல்லை. 2005 ஜூலையில் கேபர்ஹா (பழைய போர்ட் எலிசபெத்) பக்கத்தில் செயின்ட் ஆல்பன்ஸ் சிறையில் ஒரு வார்டர் குத்திக் கொல்லப்பட்டார். அதன்பின் கைதிகளைக் கூட்டமாக வெளியே இழுத்துப்போட்டு அடித்தார்கள். ஒரு கைதியின் புகார் ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போய், 2010-இல் தென்னாப்பிரிக்கா தன் கடமையை மீறியது என்று முடிவானது. வார்டர் யூனிஃபார்மில் வந்தவர் சொன்னாலே உண்மை என்று எந்த நீதிபதியும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

கடிகாரம் யார் கையில்

தண்டனை அறிவித்த நாளிலிருந்து 14 நாள். அதற்குள், தண்டித்த அதே மாஜிஸ்திரேட்டிடம் 'அப்பீல் போக அனுமதி தாருங்கள்' என்று கேட்க வேண்டும். நடைமுறைச் சட்டத்தின் 309பி பிரிவு. தண்டனை சொன்ன கையோடு அங்கேயே வாயால் கேட்கலாம், அல்லது எழுதிக் கொடுக்கலாம். அவர் மறுத்தால் 21 நாளுக்குள் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு மனு, 309சி பிரிவு. அதை இரண்டு நீதிபதிகள் பார்ப்பார்கள். அனுமதி கிடைத்தால்தான் உண்மையான அப்பீல். குவாசுலு-நேட்டாலில் அது பீட்டர்மாரிட்ஸ்பர்கில் அல்லது டர்பனில் நடக்கும்.

தன் தீர்ப்பு தப்பாக இருக்கலாம் என்று தானே ஒப்புக்கொள்ளச் சொல்லி ஒருவரிடம் கேட்பது விசித்திரம்தான். கேட்க வேண்டிய அளவுகோல் இது: மேல் கோர்ட் வேறு முடிவுக்கு வர நியாயமான வாய்ப்பு இருக்கிறதா? வெறும் சாத்தியம் போதாது. அறிவுக்குப் பொருந்தும் அடிப்படை வேண்டும் என்று 2012-இல் வெளியான ஸ்மித் தீர்ப்பு சொல்கிறது. காரணங்களைத் தெளிவாக, குறிப்பாக எழுத வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. 'தண்டனை அதிகம், உதவுங்கள்' என்று லோகன் எழுதியது மனுவே அல்ல, கடிதம்.

14 நாள் என்பது வெளியே இருப்பவருக்குக் குறைவு. சிறைக்குள் இருப்பவருக்கு அது இன்னும் சுருங்கும். வேறு எந்தக் கைதிக்கும் இல்லாத சங்கடம் இங்கே ஒன்று உண்டு. பேனாவும் தாளும் கேட்டு அவன் போக வேண்டியது வார்டரிடம். எழுதியதை அலுவலகத்தில் கொடுத்துக் கோர்ட்டுக்கு அனுப்பச் சொல்ல வேண்டியதும் வார்டரிடம். லீகல் எய்ட் என்ற இலவசச் சட்ட உதவி வக்கீலுக்குப் போன் போட அனுமதி கேட்பதும் அவர்களிடமே. அவன் அடித்ததாகத் தீர்ப்பானது அவர்களுடைய சகாவை. எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. பலர் ஒழுங்காக அனுப்பிவைப்பார்கள். ஆனால் ஒரு தாள் 'காணாமல்' போக ஒருவர் போதும். அதோடு, வார்டரை அடித்தவர்களை வேறு சிறைக்கு மாற்றிவிடுவது வழக்கம். சிலர் டர்பனிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால், கொக்ஸ்டாட் எபோங்வெனி உச்சக் காவல் சிறைக்குப் போகிறார்கள். வக்கீல் ஒரு ஊர், கோர்ட் ஒரு ஊர், கைதி வேறொரு ஊர்.

1995 வரை இதைவிட மோசம். வக்கீல் இல்லாமல் சிறையில் இருப்பவர், தன் அப்பீலுக்கு நியாயமான காரணம் உண்டு என்று ஒரு நீதிபதியிடம் சான்று வாங்கினால்தான் அப்பீலே போட முடியும். வெளியே இருப்பவருக்கும், வக்கீல் வைத்தவருக்கும் அந்தத் தடை கிடையாது. அந்த டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் இன்டுலி வழக்கில் இதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நேட்டாலில் பல காலம் நீதிபதியாக இருந்த டிட்காட். ஏழையும் எழுத்தறிவில்லாதவரும்தான் இதில் அடிபடுகிறார்கள் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பிறகு பாராளுமன்றம் அனுமதி முறையை எல்லோருக்கும் கொண்டுவந்தது. போதுமான பதிவேடு இல்லாமலே மனுவைத் தள்ளிவிட வழியிருக்கிறது என்று 2000-இல் ஸ்டெய்ன் வழக்கில் அதுவும் விழுந்தது. இப்போது இருப்பது அதற்குப் பிறகு திருத்தியது. 2007-இல் ஷிங்கா வழக்கில் இன்னொரு முறை இழுத்துச் சரிசெய்தார்கள். கோர்ட்டில் வாதம் கேட்காமல் அறைக்குள்ளேயே அப்பீலை முடித்துவிடலாம் என்றிருந்த வசதி அன்றோடு போனது.

இந்தத் தீர்ப்புகளைத் தந்த நீதிமன்றம் ஜோகன்னஸ்பர்க் பழைய கோட்டைச் சிறை வளாகத்தில் நிற்கிறது. இடித்த சிறையின் செங்கற்களை அந்தக் கட்டடத்திலேயே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். 1908 ஜனவரியில் காந்தியும் அவரோடு சத்தியாகிரகத்தில் நின்ற நம் தம்பி நாயுடுவும் அடைபட்டுக் கிடந்த இடம் அது. போனால் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

நாள் கடந்துவிட்டால்? தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லித் தனி மனு போடலாம். ஏன் தாமதம் என்று நாள்வாரியாகச் சொல்ல வேண்டும், அப்பீலில் சாரம் இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். 'சிறையில் இருந்தேன்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் நிற்காது. 'இந்தத் தேதியில் மனுவைக் கொடுத்தேன், இந்தத் தேதியில் மாற்றினார்கள், அங்கே மறுபடி எழுதினேன்' என்று சொன்னால் நிற்கும். லோகனுக்கு நான் சொன்ன முதல் புத்தி அதுதான்: எழுதும் ஒவ்வொன்றையும் இரண்டு பிரதி எழுது, கொடுக்கும்போது தேதி போட்டுக் கையெழுத்துக் கேள், தர மறுத்தால் யார், எப்போது மறுத்தார்கள் என்று பின்பக்கம் எழுதி அடுத்த விசிட்டில் ஆயாவிடம் கொடு. சிறை ஆய்வு நீதிபதி அலுவலகத்தின் சார்பில் உள்ளே வந்துபோகும் சுயேச்சைப் பார்வையாளரிடமும் சொல்லிவை. அவர் எழுதிக்கொண்டால் அதுவும் ஒரு சாட்சி.

வக்கீலே இல்லாமல் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் தண்டனை வாங்கியவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பு உண்டு. 7 ஆண்டு அனுபவம் ஆகாத மாஜிஸ்திரேட் 3 மாதத்துக்கு மேல் தண்டித்தாலோ, அனுபவம் ஆனவர் 6 மாதத்துக்கு மேல் தண்டித்தாலோ, யாரும் கேட்காமலே வழக்குக் கட்டு உயர் நீதிமன்ற நீதிபதி மேசைக்குப் போகும். ரீஜனல் கோர்ட்டுக்கு இது பொருந்தாது. லோகனுக்கு லீகல் எய்ட் வக்கீல் வேறு இருந்தார், எனவே இந்தப் பாதை அவனுக்கு இல்லை.

ஒலிப்பதிவு பழுதாகிப் பதிவேட்டில் பாதி காணாமல் போவதும் நடக்கும். அதனால் மட்டும் விடுதலை கிடைத்துவிடாது. மாஜிஸ்திரேட்டின் குறிப்பு, வக்கீல்களின் நினைவு இவற்றை வைத்து இரு தரப்பும் சேர்ந்து அதை மீண்டும் கட்ட வேண்டும். முழுமையாக இருக்க வேண்டியதில்லை, அப்பீலை நியாயமாகப் பார்க்கும் அளவுக்கு இருந்தால் போதும்.

புதிய ஆதாரம் கிடைத்தால் என்ன? சோதனை நடந்த தாழ்வாரத்தின் கேமராப் படம் ஆறு மாதம் கழித்து வெளிவருகிறது என்று வையுங்கள். வழக்கு நடந்தபோதே ஏன் காட்டவில்லை என்பதற்கு ஏற்கத்தக்க காரணம், பார்த்த மாத்திரத்தில் நம்பும்படி இருத்தல், வழக்கையே புரட்டும் அளவுக்கு முக்கியத்துவம் இந்த மூன்றும் இருந்தால் சேர்க்கக் கேட்கலாம். இந்தக் கதவு மிகக் குறுகலானது. கேமராப் படத்தைக் கேட்க வேண்டிய நேரம் வழக்கு தொடங்கும் முன்புதான். போலீஸ் வழக்குக் கட்டைப் பார்க்கும் உரிமை 1995-இன் ஷபலாலா தீர்ப்பிலிருந்து குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குப் பொதுவாக உண்டு.

4 ஆண்டு எப்போது தொடங்கும்

ஆயாவுக்கு இதுதான் புரியவே இல்லை. கோர்ட்டு சொன்ன 4 ஆண்டும் பழைய தண்டனையோடு சேர்ந்தே ஓடும் என்று நினைத்திருந்தார்.

கோர்ட்டு வாய் திறக்காவிட்டால் சேர்ந்து ஓடாது. திருத்தச் சேவைகள் சட்டம் 39-ஆம் பிரிவின்படி, தண்டனை அனுபவிக்கும்போது இன்னொன்று வந்தால் ஒன்று முடிந்து மற்றொன்று. ஏக காலத்தில் ஓட வேண்டுமானால் மாஜிஸ்திரேட் வெளிப்படையாக உத்தரவிட வேண்டும். ஆயுள் கைதிக்கு மட்டும் விலக்கு. அவனுக்கு வரும் ஆண்டுக்கணக்குத் தண்டனை ஆயுளோடு கரைந்துவிடும். லோகனுக்கு மிச்சம் 3, புதிது 4, ஆக 7.

வார்டரை அடித்த வழக்குகளில் மாஜிஸ்திரேட்டுகள் ஏக காலத் தண்டனை தரத் தயங்குவார்கள். காரணம் இருக்கிறது: ஏற்கெனவே உள்ளே இருப்பவனுக்குச் சேர்ந்து ஓடும் தண்டனை தண்டனையே இல்லை, அடுத்தவனும் கை ஓங்குவான். அதை மறுக்க முடியாது. ஆனால் இரண்டையும் கூட்டினால் மொத்தம் என்ன ஆகிறது என்று பார்க்காமல் போடுவது தவறு. தண்டனை அப்பீலில் வக்கீல்கள் முதலில் எடுப்பது இதைத்தான்.

தண்டனை கூடுதலாகப் படுகிறது என்பதற்காக மட்டும் மேல் கோர்ட் தலையிடாது. தண்டித்தவர் தன் விருப்புரிமையைச் சரியாகப் பயன்படுத்தவே இல்லை என்று காட்டும் அளவுக்குத் தவறு இருக்க வேண்டும். இதைச் சொன்ன 1977-ஆம் ஆண்டு வழக்கின் பெயர் பிள்ளை. இன்றைக்கும் நாட்டின் எந்த மூலையில் தண்டனை அப்பீல் நடந்தாலும் வக்கீல்கள் 'பிள்ளை' என்று சொல்லித்தான் தொடங்குகிறார்கள். நம் பெயர் இப்படிச் சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்துவிட்டதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம். தண்டனை குற்றத்துக்கும் பொருந்த வேண்டும், குற்றவாளிக்கும் பொருந்த வேண்டும், சமூகத்துக்கும் நியாயமாக இருக்க வேண்டும், கொஞ்சம் கருணையும் கலந்திருக்க வேண்டும் என்று 1975-இல் ராபி வழக்கில் நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். பிராட்பரியில் கும்பல்காரனுக்குக் கதவைச் சாத்தியவரும் அவரேதான்.

அப்பீலில் ஓர் ஆபத்தும் உண்டு. இதைச் சொல்லாமல் யாரையும் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். மேல் கோர்ட் தண்டனையைக் கூட்டவும் செய்யலாம். கூட்டும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே அறிவித்து, பதில் சொல்ல இடம் தர வேண்டும் என்று 2012-இல் போகார்ட்ஸ் வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அறிவிப்பு வந்தால் அப்பீலைத் தொடர்வதா விடுவதா என்று அன்றே வக்கீலோடு உட்கார வேண்டும்.

ஜாமீனைப் பற்றி ஆயா கேட்டார். அப்பீல் நிலுவையில் இருக்கும்போது ஜாமீன் கேட்கலாம்தான். முதல் வழக்கின் தண்டனை பிடித்து வைத்திருக்கும் ஆளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

லோகனின் மூன்று வரி மனுவைத் தூக்கி வைத்துவிட்டு, லீகல் எய்ட் பெண் ஒருவர் ஒன்றரைப் பக்கத்தில் புதிதாக எழுதினார். தீர்ப்புக்கு எதிராக ஒரு காரணம்: ஜே 88-இன் ஒரு சொல்லை வைத்தே அவன் கதை முழுவதையும் தள்ளியது. தண்டனைக்கு எதிராக ஒரு காரணம்: மொத்தக் கணக்கு பார்க்காதது. 14 நாள் எப்போதோ கடந்திருந்ததால் தாமத மனுவும் சேர்ந்தது. அதில் லோகன் தாளின் பின்பக்கம் எழுதிவைத்த தேதிகள் பயன்பட்டன. மாஜிஸ்திரேட் இரண்டையும் மறுத்தார். உயர் நீதிமன்றத்தில் மனுவைப் பார்த்த நீதிபதிகள் இருவர் தண்டனைக்கு எதிரான அப்பீலுக்கு மட்டும் அனுமதி தந்தார்கள். முதுகில் இருந்த இரண்டு கோட்டைப் பற்றிப் பதிவேட்டில் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

விசாரணை இருபது நிமிஷம். 4 ஆண்டில் 2 ஆண்டு பழைய தண்டனையோடு ஏக காலத்தில் ஓடும் என்று உத்தரவு. ஆக 7 இல்லை, 5.

ஆயா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். பிறகு, "புரட்டாசி மாசம் அவன் கறி திங்க மாட்டான். அதுக்கும் மனு எழுதிக் குடுக்கணுமா தம்பி?" என்றார்.

அதற்கு மனு வேண்டாம், சிறை அலுவலகத்தில் கேட்டாலே போதும் என்றேன். இருந்தாலும் இரண்டு பிரதி எழுதிக் கொடுத்தேன்.